அடைக்கலமேரி போடும் முடிச்சு

சின்னப்பிள்ளைக் கிழவியின் கால் கட்டைவிரல்கள் இரண்டும் வெள்ளைத் துணியால் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன. செத்தவர்களுக்குத்தான் அப்படிக் கட்டுவார்கள். கிழவியோ உயிரோடு கஞ்சி கேட்டுக்கொண்டிருந்தாள்.

“எந்தக் கட்டையில போறவன் செஞ்ச வேலை இது?” என்று திட்டிக்கொண்டே நர்ஸ் அடைக்கலமேரி குனிந்தாள். முடிச்சைத் திருப்பிப் பார்த்தாள். இடதுகைப் பழக்கத்தில் அவள் மட்டுமே போடும் முடிச்சு அது. எப்போது போட்டாள்? நினைவில்லை. யாரும் பார்க்குமுன் அவிழ்த்து எறிந்தாள்.

வாந்திபேதி ஊர் ஊராக வாரிக்கொண்டு போன ஐம்பத்தெட்டாம் வருஷம். பொன்னமராவதிப் பக்கத்து அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் இன்னொரு நர்சும் படுத்துவிட, ஓய்வு பெறும் வயதில் இருந்த அடைக்கலமேரி தலையில்தான் இரவு வேலையும் பகல் வேலையும் விழுந்தன. லைசால் மருந்து நெடியும் ஈரப்பாய் வாடையும் மூக்கை விட்டுப் போகவில்லை; கண்ணை மூடினாலும் வாளி தரையில் உரசும் சத்தம் காதுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. லீவு கேட்டாள். “முடியலைன்னா ஒரேயடியா வீட்டுக்குப் போங்க. புத்தி கலங்குனவங்கள வச்சு வார்டு நடத்த முடியாது” என்றார் டாக்டர். பாவி மனுஷன்! ஆஸ்பத்திரி கொடுத்த ஒற்றை அறையை விட்டால் அவளுக்கு வீடு ஏது?

விளக்கு வைக்குமுன் சின்னப்பிள்ளை செத்துப்போனாள்.

“ஒங்க மொகமே சரியில்லைங்க நர்சம்மா” என்றான் வார்டு ஆள் உடையப்பன். “நோய்க்கும் பாரு, பேய்க்கும் பாரும்பாங்க. ஆவூர் மாதா கோயிலுக்கு ஒரு எட்டுப் போயிட்டு வாங்க.”

“நான் போனா இதுகள யாருய்யா பாக்குறது?”

பிணத்தை அவன் தூக்கிப் போனதும் அடுத்த கட்டிலுக்கு ஓடினாள். உண்ணாமலை, கைக்குழந்தைக்காரி. கால்களில் கட்டு இல்லை. அப்பாடா!

“எம் புள்ளைகிட்ட போயிருவேன்ல நர்சம்மா?”

“போயிருவ தாயி. நான் இங்கிட்டேதான் இருப்பேன்.”

காலடியில் உட்கார்ந்தாள். இவளையாவது விடக் கூடாது. யாரும் கிட்டே வரக் கூடாது.

யாரும் வரவில்லை. ஓட்டில் மழை. உண்ணாமலையின் பாதங்கள் சில்லிட்டிருந்தன. சூடேறட்டும் என்று தேய்த்தாள். தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

“வலிக்குதுங்க... அவுத்து விடுங்க நர்சம்மா.”

குனிந்தாள். கைகள் தேய்க்கவில்லை. முடிச்சை இறுக்கிக்கொண்டிருந்தன.

“ஐயோ, மாதாவே!”

இழுத்தாள். கைகள் வரவில்லை. உண்ணாமலை அலறினாள். எத்தனையோ பிணங்களுக்குச் செய்த அதே பக்குவத்தோடு, அவசரமே இல்லாமல், கைகள் இரண்டாவது முடிச்சையும் போட்டன. பிறகு இன்னொரு துணியை எடுத்துக்கொண்டு, வாய்க்கட்டுப் போட உண்ணாமலையின் முகத்தை நோக்கி நீண்டன.