புழு தொடாத மரம்

அடுப்படியில் பூனை இல்லை.

தென் சிலியில் ஜூலை மாதக் குளிருக்குப் பூனை வேறெங்கும் போகாது. இரும்பு அடுப்பின் கால்களுக்கு நடுவே சுருண்டு, மீசை பொசுங்கினாலும் நகராமல் கிடக்கும். நெல்டாவின் பூனையோ நான்கு நாளாக விறகுக் கொட்டகை ஓரத்தில் மழைச்சாரலில் நனைந்தபடி உட்கார்ந்திருந்தது. தூக்கி வந்து உள்ளே விட்டாள். அடுப்பை ஒரு பார்வை பார்த்தது, முதுகு மயிர் சிலிர்த்தது, மறுபடியும் மழைக்கே ஓடிவிட்டது. சனியன், போகட்டும் என்று கதவைச் சாத்தினாள்.

அந்த அடுப்பு இப்போது எரிவது போல் நன்றாக எரிந்து வெகுகாலம் ஆகியிருந்தது. பதினோரு நாள் விடாத மழையில் சேர்த்து வைத்த விறகெல்லாம் நனைந்து, சீறிக்கொண்டும் புகைந்துகொண்டும் வீட்டையே ஈரக் குகையாக்கி வைத்திருந்த சமயத்தில்தான் அவள் புருஷன் ரிகோபெர்த்தோ ஒரு மாட்டு வண்டி நிறைய வேலிக் கம்புகளைக் கொண்டுவந்து இறக்கினான். பக்கத்து நிலத்துக் கிழவர் எவரிஸ்தோ ஏப்ரலில் இறந்துபோனார். நிலத்தை வாங்கியவர்கள் பழைய வேலியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, வேண்டியவர்கள் அள்ளிக்கொண்டு போகலாம் என்றார்களாம்.

"ஓசின்னா பினாயிலையும் குடிப்பீங்களே," என்றாள் நெல்டா.

"இருபது வருஷம் மண்ணுல நின்ன கம்புடி இது. ஒரு புழு தொட்டிருக்கா பாரு. மரம்னா இது மரம்."

உண்மைதான். உளுத்துப்போகவில்லை, அரிக்கவில்லை, எலும்பு மாதிரி காய்ந்திருந்தது. மேலே இலேசாகப் பச்சை படிந்திருந்தது. பாசி என்று நினைத்தாள். அறுத்தபோது உள்ளேயும் பச்சையாகத்தான் இருந்தது. பாசி மரத்துக்குள் எப்படிப் போகும் என்று ஒரு கணம் யோசித்தாள். குளிரில் யோசனை நீளவில்லை.

முதல் நாளே வீடு காய்ந்தது. இரண்டாம் நாள் வாசனை வந்தது. பூண்டு வாசனை. வீட்டில் பூண்டு தீர்ந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. பானைகளை முகர்ந்தாள், திரைச்சீலையை முகர்ந்தாள், தன் தலைமுடியை முகர்ந்தாள். எல்லாவற்றிலும் அதுவே இருந்தது. நாக்கடியில் செம்புக் காசை அடக்கிக்கொண்டது போல ஒரு ருசியும் கூடவே இருந்தது.

மூன்றாம் நாள் தட்டும் சத்தம் கேட்டது. அடுப்புக்கு உள்ளிருந்து. டக், டக், டக். கம்பில் அடித்த பழைய ஆணி சூட்டில் தெறிக்கிறது என்று ரிகோபெர்த்தோ சொன்னான். எவரிஸ்தோ கைத்தடியால் கதவைத் தட்டுவதும் சரியாக மூன்று முறைதான். அதை அவள் சொன்னதும், அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சிரித்தான். அன்றுதான் முதல் கோழி செத்தது. சாம்பல் குவியலில் புரண்டு குளித்துக்கொண்டிருந்த கோழி, குளித்த இடத்திலேயே கால் விறைத்துக் கிடந்தது. அடுத்த நாள் இன்னும் இரண்டு. அவன் சிரிப்பை நிறுத்திவிட்டான். ஆனாலும் மரம் அறுக்கும் வேலைக்கு ஆற்றைத் தாண்டிப் போனான். போன பிறகு பாலத்தின் மேல் வெள்ளம் ஏறியது. அவனும் திரும்பவில்லை, பேருந்தும் வரவில்லை.

வீட்டில் அவளும் ஐந்து வயது அனாயிஸும்தான். பிள்ளைக்கு மூன்று நாளாக வாந்தி. தண்ணீர்கூடத் தங்கவில்லை. மூத்த பிள்ளையை இப்படி ஒரு மழைக்காலத்தில்தான் பறிகொடுத்தாள் நெல்டா. இவளையும் கொடுத்தால் தான் உயிரோடிருக்கப் போவதில்லை என்பது அவளுக்குத் தெரியும். நேற்று சாயங்காலம் அடுப்பின் முன்னால் மண்டியிட்டே விட்டாள். உங்கள் வேலியை எரித்தது தப்புதான், என் பிள்ளையை விட்டுவிடுங்கள், என்று இறந்தவரிடம் கெஞ்சினாள். டக், என்றது அடுப்பு.

இன்று மதியம் அனாயிஸ் கண்ணைத் திறந்து, "அம்மா, மோத்தே வேணும்," என்றாள்.

நெல்டாவுக்கு அழுகையே வந்துவிட்டது. கோதுமையை எடுத்தாள். மோத்தேவுக்கு வெறுமனே வேகவைத்தால் போதாது, சாம்பல் கரைத்த தண்ணீரில் கொதித்தால்தான் தோல் கழன்று வெள்ளை வெளேரென்று பருக்கை வரும். அடுப்பின் அடித்தட்டை இழுத்தாள். மாவு மாதிரி மெல்லிய சாம்பல், சற்றே பச்சை. சலித்து இரண்டு கைப்பிடி போட்டாள். தோல் கழலவில்லை, சாம்பலில் காரம் போதவில்லை. இன்னும் மூன்று போட்டாள். ஒன்று கூடுதலாகவும் போட்டாள். பிறகு குளிர்ந்த தண்ணீரில் தேய்த்துத் தேய்த்து அலசி, மறுபடி வேகவைத்து, சர்க்கரை தூவிக் கொடுத்தாள். பிள்ளை ஒரு கிண்ணம் முழுவதும் சாப்பிட்டாள். நெல்டா பக்கத்திலேயே நின்று ஒவ்வொரு வாயையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐந்து மணிக்கே இருட்டிவிட்டது. கதவு தட்டப்பட்டது. மூன்று முறை.

அவள் நகரவில்லை.

"நான்தான் தங்கச்சி, தொற."

பல்தாசார். அனாயிஸின் ஞானத்தகப்பன், இந்தக் கரையிலேயே குடியிருப்பவர். பிள்ளையை விசாரித்துக்கொண்டே அடுப்பில் குளிர் காய வந்தவர், பாதியில் நின்றார். முகர்ந்தார். கூடையிலிருந்த கம்புத் துண்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். வெட்டுமுகத்தில் கட்டைவிரலை வைத்தார். கீழே போட்டுவிட்டு, கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"இது எவரிஸ்தோ வேலிதானே?"

"அவரு கோவமா இருக்காரா அண்ணே?"

"செத்தவனுக்கு என்ன கோவம்? அந்த வேலிய நட்டதே நான்தான். புழு அரிக்கக் கூடாதுன்னு மருந்துல ஊற வச்ச மரம். எரிச்சா மரம்தான் போகும், மருந்து எங்க போகும்? மிஞ்சின துண்ட நானும் அப்ப எரிச்சேன். என் கன்னுக்குட்டி அந்தச் சாம்பல நக்குச்சு. காலைல நக்குனது, பொழுது சாயறதுக்குள்ள போயிடுச்சு."

மழை தகரத்தில் இரைந்தது.

"எவ்வளவு நக்குச்சு?" என்றாள்.

"என்ன, ஒரு கைப்பிடி இருக்கும். ஏன்? சாம்பல எங்க கொட்டுற நீ?"

அவள் தன் கைகளைப் பார்த்தாள். இரண்டு. பிறகு மூன்று. கூடுதலாக ஒன்று.

நகக்கண்ணில் இன்னும் ஒட்டியிருந்தது. பச்சையாக.

பாலம் இல்லை. வண்டி இல்லை.

பின்னால் முக்காலி இழுபடும் சத்தம். கரண்டி பானையின் அடியைச் சுரண்டும் சத்தம்.

திரும்பினாள். அனாயிஸ் முக்காலி மேல் நின்றிருந்தாள். இரண்டு கன்னமும் உப்பியிருந்தன. மூன்று நாளில் முதல்முறையாகச் சிரித்தாள்.

"வழிச்சே தின்னுட்டேம்மா. வாந்தியே வரல."

மூன்று நாளாக ஒரு பருக்கை தங்காத வயிறு. இப்போது எல்லாம் தங்கியிருந்தது.