ஒரே ஒரு சீத்தாப்பழ விதை

வியாழக்கிழமை மதியம் விஷ்ராந்த்வாடியில் கரண்ட் போனதும் புனே நகரத்தின் ஜாம்பிகள் நடக்கத் தொடங்கும்.

எல்லாம் சுப்ரஜா வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான். கோடை விடுமுறைக்காக அவளே உருவாக்கிய கதை விளையாட்டு அது. அவளுக்குப் பதின்மூன்று வயது. பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஒரு வரைபடம் போட்டிருந்தாள். பக்கத்தில் ஒரு பகடை. கண் முன்னால் என்ன நடக்கிறது என்று சுப்ரஜா சொல்வாள். தங்கள் ஆள் என்ன செய்கிறார் என்று மற்றவர்கள் சொல்வார்கள். அது முடியுமா முடியாதா என்று சந்தேகம் வந்தால் பகடையை உருட்டிப் பார்ப்பார்கள்.

மற்றவர்கள் மூன்று பேர். சுப்ரஜாவின் தம்பி முகுந்த், கதையில் ஓய்வுபெற்ற ராணுவ வீரர். மூன்றாவது மாடியில் இருக்கும் தீப்தி, கதையில் நர்ஸ். ஏப்ரல் மாதம் கோயம்புத்தூரிலிருந்து குடிவந்த கேஷவ், கதையில் லாரி டிரைவர். நால்வரில் கேஷவ்தான் சின்னவன்.

சுப்ரஜாவின் ஜாம்பிகள் பாய்ந்து ஓடி வராது. சாகும் நேரத்தில் கைகள் என்ன செய்துகொண்டிருந்தனவோ, அதையே திரும்பத் திரும்பச் செய்துகொண்டு மெதுவாக நடக்கும். திகி பக்கம் ஒரு பஸ்ஸுக்குள் செத்துப்போன கண்டக்டர், இல்லாத டிக்கெட்டைக் கிழித்துக் கிழித்துக் காற்றில் நீட்டிக்கொண்டிருந்தார். அதைக் கேட்ட பிறகு தீப்தி ஒரு வாரம் எந்தக் கண்டக்டரின் விரல்களையும் பார்க்கவில்லை.

ஆனால் ஜாம்பிகளைவிட அதிகமாகப் பயமுறுத்தியது, மேசை நடுவில் இருந்த ஓர் ஊறுகாய் பாட்டில்.

அதற்குள் சீத்தாப்பழ விதைகள் இருந்தன. கறுப்பாக, வழவழப்பாக, பார்த்தால் நிஜத் தோட்டா போலவே இருக்கும். ஒரு விதை என்றால் ஒரு குண்டு. சுட்டால் அந்த விதையைப் பால்கனியிலிருந்து கீழே எறிந்துவிட வேண்டும். மறுபடி சீத்தாப்பழம் வர மழைக்காலம் வந்தாக வேண்டும். இது மே மாதம்.

விளையாட்டு ஆரம்பித்த நாளில் முகுந்த் சண்டை போட்டிருக்கிறான். கடைக்குப் போய்க் குண்டு எடுத்துக்கொள்ளலாமே என்றான். துப்பாக்கிக் கடை என்ன தெருவுக்கு ஒன்றா இருக்கிறது என்று சுப்ரஜா கேட்டாள். போலீஸ் ஸ்டேஷன் என்றான். அவனைப் போல நூறு பேர் ஏற்கெனவே அங்கே போய்விட்டார்கள் என்றாள்.

"அப்ப குண்டு செய்யற ஃபேக்டரி?"

"அங்க வேலை பார்த்தவங்களும் செத்துட்டாங்கடா. யார் செய்வா?"

அதோடு முகுந்த் வாயை மூடிக்கொண்டான்.

இன்னொன்றும் சொல்லியிருந்தாள். துப்பாக்கிச் சத்தம் வெகுதூரம் கேட்கும். கேட்ட ஜாம்பிகள் எல்லாம் சத்தம் வந்த இடத்தை நோக்கி நடக்கும்.

கேஷவ் இதையெல்லாம் முதலில் புரிந்துகொள்ளவில்லை. அவன் அதுவரை விளையாடியதெல்லாம் போனில்தான். போனில் குண்டு தீர்ந்தால் தானாக நிரம்பிவிடும். முதல் வியாழக்கிழமை, கரும்புச்சாறு வண்டியின் கீழே ஒரு ஜாம்பி கிடந்தது. அதற்குக் கால்களே இல்லை. நகரக்கூட முடியாது. கேஷவ் அதைப் பார்த்ததும் கைப்பிடி விதைகளை அள்ளிப் பால்கனி வழியாக எறிந்துவிட்டான்.

"இவன் என்ன தீபாவளி கொண்டாடறானா?" என்றான் முகுந்த்.

அன்றிலிருந்து கேஷவின் பெயர் தீபாவளி.

அவன் கோபித்துக்கொள்ளவில்லை. என்ன பெயர் சொன்னாலும் யாராவது கூப்பிட்டால் போதும் என்பதுபோல் இருந்தான். ஏன் என்று தீப்திக்குத் தெரியும். அவன் வந்த புதிதில் கீழே கிரிக்கெட் ஆடப் போனான். பார்க்கிங் ஓரம் நிற்க வைத்தார்கள். பந்து அவனிடம் வந்தபோது ஆளாளுக்கு மராத்தியில் கத்தினார்கள். யாரிடம் எறிவது என்று தெரியாமல் பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டே நின்றான். அதற்குப் பிறகு அவனை யாரும் கூப்பிடவில்லை.

வீட்டிலும் முடியாது. அவன் அப்பாவுக்குப் போசரித் தொழிற்பேட்டையில் ஒரு யூனிட்டில் வேலை. வியாழக்கிழமைதான் வார விடுமுறை. வாரம் முழுக்க நைட் ஷிஃப்ட் பார்த்தவர் அன்று தூங்குவார். ஸ்பூன் கீழே விழுந்தால்கூட அம்மா உதட்டில் விரல் வைப்பாள். அதனால் கரண்ட் போவதற்கு முன்பே சுப்ரஜா வீட்டு வாசலில் அவன் செருப்பு இருக்கும்.

ஆனால் இந்த விளையாட்டில் ஒரு விதி உண்டு. ஆள் செத்தால் ஆட்டத்திலிருந்து வெளியே போய்விட வேண்டும். விடுமுறை முடியும்வரை திரும்பி வர முடியாது. செத்தாலும் பரவாயில்லை என்றால் பயம் எங்கிருந்து வரும் என்பது சுப்ரஜாவின் கேள்வி. அவள் இளகவே மாட்டாள்.

அந்த வியாழக்கிழமை மின்விசிறி நின்றபோது ஊறுகாய் பாட்டில் காலியாக இருந்தது. மிச்சம் ஒரே ஒரு விதை. அது தீப்தியின் உள்ளங்கையில் இருந்தது.

கதையில் அவர்கள் போசரிக்கு வந்து சேர்ந்திருந்தார்கள். பொழுது சாய்ந்துவிட்டது. கைவிடப்பட்ட ஒரு லேத் பட்டறைக்கு மேலே ஓர் ஆபீஸ் அறை. ஏறிப் போக இரும்புப் படி. பின்பக்க கேட்டுக்கு வெளியே, சாவியோடு நிற்கும் ஒரு டெம்போ. அதை எட்டிவிட்டால் ஊரைத் தாண்டிவிடலாம். ஆனால் பட்டறை முழுக்க ஜாம்பிகள்.

மூவரும் படியேறினார்கள். முகுந்தின் ராணுவ வீரர் ஏறிவிட்டார். தீப்தியின் நர்ஸுக்குக் கால் வழுக்கியது. கேஷவின் டிரைவர் திரும்பி வந்து கை கொடுத்துத் தூக்கிவிட்டார். அதற்காகப் பகடையை உருட்டியபோது ஒன்று விழுந்தது, இருப்பதிலேயே மோசமான எண்.

சுப்ரஜா பென்சிலை வரைபடத்தின் மேல் வைத்தாள். பிறகு தாழ்ந்த குரலில், "கீழேர்ந்து ஒரு கை வந்து டிரைவரோட காலைப் பிடிக்குது. கடிச்சிடுச்சு. விடியறதுக்குள்ள மாறிடுவார்" என்றாள்.

கீழே கிரிக்கெட் பந்து ஏதோ கார் மீது பட்ட சத்தம் கேட்டது.

"ஒரு குண்டு இருக்கில்ல. மாறுறதுக்குள்ள சுட்டுடணும்" என்றான் முகுந்த்.

"குண்டு தீப்தியோடது. அவதான் சொல்லணும்" என்றாள் சுப்ரஜா.

"என்ன சொல்லறது இதுல? சுடாம விட்டா நம்ம ரூம்லயே ஒரு ஜாம்பி. அப்புறம் நாமளும் காலி. அவன் அன்னிக்கு வாரி இறைச்சதாலதானே இப்ப இந்த நிலைமை?"

கேஷவ் மேசையின் ஓரத்தை நகத்தால் கீறிக்கொண்டிருந்தான். "சுட்டுருங்க்கா. பரவால்லீங்" என்றான். சொல்லிவிட்டு நாற்காலியைச் சத்தம் வராமல் பின்னால் தள்ளி எழுந்தான். அவன் கண்கள் வாசலில் கிடந்த செருப்பைப் பார்த்தன.

தீப்தி விதையை விரல்களுக்கு நடுவே உருட்டினாள். அது வியர்வையில் வழுக்கியது. வேண்டாம், அவனும் ஆடட்டும் என்று சொன்னால் முகுந்த் சிரிப்பான். சுப்ரஜாவோ விதி விதிதான் என்பாள். விதி மாறினால் விளையாட்டு கெட்டுவிடும் என்று தீப்திக்கும் தெரியும். பதில் இந்தக் கதைக்குள்ளேயே கிடைத்தாக வேண்டும்.

அவள் அந்தப் பட்டறையை நினைத்துப் பார்த்தாள். இருட்டு. எண்ணெய் நாற்றம். கீழே தேய்த்துத் தேய்த்து நடக்கும் கால்கள்.

"இங்க சுட்டா சத்தம் கேக்குமில்ல?" என்றாள்.

"கேக்கும்."

"கீழ இருக்கறது எல்லாம் படியேறி வரும்?"

"வரும்" என்றாள் சுப்ரஜா.

"அப்ப என் கையில எத்தனை குண்டு இருக்கும்?"

முகுந்த் மூக்கைச் சொறிந்தான்.

தீப்தி அடுத்ததைக் கேட்டாள். ஏற்கெனவே கடிபட்டவனை ஜாம்பிகள் மறுபடி கடிக்குமா? பாலத்துக்குப் பக்கத்தில் கடிபட்ட ஒரு வாட்ச்மேன் ஜாம்பிக் கூட்டத்துக்கு நடுவில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாரே, அவரை எதுவும் தொடவில்லையே. போன வாரம் சுப்ரஜாவே சொன்ன கதைதானே?

சுப்ரஜா பென்சிலைக் கடித்தபடி யோசித்தாள். தான் சொன்னதைத் தானே மாற்றுவது அவளுக்குப் பிடிக்காது. "தொடாது" என்றாள் கடைசியில்.

"கேஷவ், உக்காரு. உங்கப்பா யூனிட்டுக்குள்ள நீ போயிருக்கே இல்ல?"

அவன் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா மறந்துவிட்டுப் போன டிபன் கேரியரைக் கொடுக்கப் போயிருக்கிறான்.

"அங்க சத்தம் போடற மாதிரி என்ன இருக்கு? கரண்ட் இல்லாம வேலை செய்யணும்."

கேஷவ் நெற்றியைச் சுருக்கினான். "முன் கேட்டுகிட்ட ஒரு தண்டவாளத் துண்டு தொங்குமுங்க்கா. கரண்ட் போயிட்டா சைரன் அடிக்காதில்லீங்களா, அப்ப அதைத்தான் ஸ்பேனர்ல அடிப்பாங்க, ஷிஃப்ட் முடிஞ்சிருச்சுன்னு. பக்கத்து யூனிட் ஆளுங்களும் அது கேட்டு பையைத் தூக்கிட்டுக் கிளம்பிருவாங்களாம். அப்பா சொல்லிச் சிரிப்பாரு."

சுப்ரஜா போசரிப் பட்டறை எதையும் பார்த்ததில்லை. வரைபடத்தில் அவள் போட்டிருந்தது வெறும் கட்டம். அதை அவன் பக்கம் திருப்பிப் பென்சிலை நீட்டினாள். முன் கேட் எது, பின் கேட் எது, தண்டவாளம் எங்கே தொங்கும் என்று கேஷவ் வரைந்து காட்டினான். டெம்போ இருந்தது பின்பக்கம்.

அதன் பிறகு யாரும் கீழே கேட்ட கிரிக்கெட்டைக் கவனிக்கவில்லை.

டிரைவர் தனியாகப் படியிறங்கினார். இருட்டில் குளிர்ந்த கைகள் அவர் தோளில் உரசின என்றாள் சுப்ரஜா. ஒரு முகம் அவர் கழுத்தருகே வந்து மோந்து பார்த்துவிட்டு விலகியது. அது முகர்ந்தபோது மூச்சு வரவில்லை. கேஷவ் நிஜமாகவே மூச்சை அடக்கிக்கொண்டிருந்தான்.

"ஸ்பேனர எடுக்கறேன்" என்றான்.

"கிடைச்சுது."

"அடிக்கறேன்."

முதல் அடிக்குப் பட்டறையில் இருந்த எல்லாத் தலைகளும் திரும்பின. இரண்டாவது அடிக்குக் கால்கள் முன் கேட்டை நோக்கித் தேய்ந்து நகர ஆரம்பித்தன. பக்கத்துப் பட்டறைகளிலிருந்தும் வந்தன. டிரைவரைச் சுற்றிக் கூட்டம் நிறைந்தது. அவர் நடுவில் நின்று அடித்துக்கொண்டே இருந்தார். கால் மரத்தது. பிறகு இடுப்பு மரத்தது. ராணுவ வீரரும் நர்ஸும் வெற்றுக்காலோடு பின் கேட்டைத் தாண்டி டெம்போவில் ஏறினார்கள். ஒரு குண்டுகூடச் செலவாகவில்லை.

"விடியப் போகுது" என்றாள் சுப்ரஜா. "கேஷவ், உன் டிரைவர் செத்துட்டார்."

கேஷவ் தலையாட்டினான். எழுந்து வாசலுக்குப் போய்ச் செருப்பில் ஒரு காலை நுழைத்தான். முகுந்த் எதையாவது சொல்வான் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவன் பகடையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சுப்ரஜா" என்றாள் தீப்தி. "சாகும்போது அவர் கை என்ன பண்ணிட்டிருந்தது?"

சுப்ரஜா நிமிர்ந்து பார்த்தாள்.

"அடிச்சிட்டிருந்தது."

"அப்ப செத்த பிறகு?"

சுப்ரஜாவின் முகத்தில் ஏதோ மெதுவாக மலர்ந்தது. "இன்னும் அடிச்சிட்டுதான் இருக்கும்" என்றாள். "கை உதிர்ந்து விழற வரைக்கும்."

தீப்தி சமையலறைக்கு ஓடினாள். ஓர் எவர்சில்வர் தட்டும் கரண்டியும் எடுத்து வந்து வாசலில் நின்றவனிடம் நீட்டினாள்.

"நாங்க ஆளந்தி ரோட்டைத் தாண்டற வரைக்கும் அடிக்கணும். நீ நிறுத்தினா எல்லாம் எங்க பின்னாடி வந்துடும்."

கேஷவ் தட்டை வாங்கவில்லை. சுப்ரஜாவைப் பார்த்தான்.

"விதியில இடம் இருக்கு" என்றாள் சுப்ரஜா. "உயிரோட இருக்கிறவங்க பக்கம் நீ உக்கார முடியாது. அவ்வளவுதான்." தன் பக்கத்தில் இருந்த நாற்காலியின் மேல் கிடந்த துண்டை எடுத்துக் காலி செய்தாள்.

"தீபாவளி, நிறுத்தினேன்னா செத்தே, ஞாபகம் வெச்சுக்கோ" என்றான் முகுந்த்.

"அவன்தான் ஏற்கெனவே செத்துட்டானேடா" என்றாள் சுப்ரஜா.

அன்று மதியம் முதல் தடவையாக எல்லோரும் சிரித்தார்கள். கேஷவ் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து மேசையின் மறுபக்கம் உட்கார்ந்தான். முதலில் கரண்டியால் பயந்து பயந்து தட்டினான். யாரும் உதட்டில் விரல் வைக்கவில்லை. அடுத்தது நன்றாக விழுந்தது. டங்.

டெம்போ இருட்டான சாலையில் போனது. இருபுறமும் அணைந்துபோன வீடுகள். ஒரு ஜன்னலில் யாரோ நின்று, இல்லாத துணியை இல்லாத கொடியில் காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். டெம்போ தூரம் போகப் போக கேஷவ் தானாகவே சத்தத்தைக் குறைத்துக்கொண்டு வந்தான். அப்படிச் செய்யச் சொல்லி யாரும் அவனிடம் சொல்லவில்லை. கடைசியில் காதைத் தீட்டினால்தான் கேட்டது. கேட்டவுடன் முகுந்துக்குக் கை மயிர் சிலிர்த்தது.

தீப்தி விதையை ஊறுகாய் பாட்டிலுக்குள் போட்டு மூடினாள்.

கரண்ட் வந்தது. மின்விசிறி சுழன்று காலண்டர் தாள் படபடத்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. மேசையின் மறுபக்கத்தில் செத்துப்போன டிரைவர் விடாமல் மணியடித்துக்கொண்டிருந்தார்.