பேரரசியை விசாரித்தவர்கள்

கற்றறிந்தோர் முன் கதை சொல்லத் துணிந்தமைக்கு முதற்கண் பொறுத்தருள வேண்டுகிறேன்.

கரூர் நினைவகத்தில் ஆண்டுக் கழிவு அன்று மாலை ஐந்து மணிக்கு. இறந்தவர் ஒவ்வொருவரையும் ஆண்டில் பன்னிரண்டு முறையாவது உயிரோடிருப்பவர் எவரேனும் பெயர் சொல்லிக் கேட்டிருக்க வேண்டும். நினைவளவி என்னும் இயந்திரம் அதைப் பிசகாமல் எண்ணிவரும். எண்ணிக்கை குறைந்தவரின் குரலும் படமும் அழிக்கப்படும். அந்த இடம், மிகுதியாகக் கேட்கப்பட்டவரின் கோப்புகளுக்குப் போகும்.

தணிக்கையாளர் தில்லைநாயகியின் இறந்துபோன தம்பி குமரவேலுக்கு எண்ணிக்கை பதினொன்று. இன்னும் ஒரே ஒரு முறை. கேட்கத்தான் போகிறாள். ஆனால் அதற்கு முன் முதலிடத்தில் நடக்கும் புரட்டை அம்பலப்படுத்திவிட்டால், எவர் குரலையும் அழிக்க வேண்டியிராது என்று எண்ணினாள்.

ஒன்பது ஆண்டுகளாக முதலிடம் ரோமாபுரிப் பேரரசி ஃபாஸ்டினாவுக்கே. அவள் இறந்து ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் ஆகின்றன.

"மொதோ வருசம் ஒரு கண்காட்சி வச்சாங்க, கூட்டம் அள்ளுச்சு," என்றார் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் சென்னிமலை. "ஆத்து மணல்ல அவங்க நாட்டுக் காசு கெடச்ச ஊருங்களே மேடம்."

"அதுக்கப்புறம்? யாரோ கள்ளத்தனமா எண்ணிக்கைய ஏத்துறாங்க. நீங்களாக்கூட இருக்கலாம்."

"நல்லாருக்குதுங்க! என்ற பொண்டாட்டியவே நான் நெனைக்கறதில்லீன்னு அவ சண்டைக்கு வர்றா. இந்தம்மாவ நெனைக்கறனாக்கும்?"

தில்லைநாயகிக்கு அந்தப் பேச்சிலும் நம்பிக்கையில்லை. பேரரசியின் கோப்பை மீண்டும் திறந்தாள். கேட்டவர் யார்? எப்போது? எதற்காக? ஒவ்வொரு கேள்விக்கும் நினைவளவி மெல்ல ஒருமுறை சிணுங்கியது.

கடைசியில் பெயர்ப்பட்டியல் திரையில் விரிந்தது. முதலாண்டுக் கூட்டத்தை நீக்கினால் எஞ்சியவர்கள் எட்டே பேர். எட்டுப் பேரும் ஆண்டுக்கொருவராக வந்த தணிக்கையாளர்கள். எல்லோரும் கேட்டிருந்தது ஒன்றே: இவள் ஏன் இன்னும் முதலிடத்தில் இருக்கிறாள்?

எட்டாவது பெயர் அவளுடையது. எதிரே எண்ணிக்கை, ஆயிரத்து நூற்று நான்கு.

"சந்தேகப்பட்டுக் கேட்டாலும் கணக்குத்தானா?" என்றாள்.

"மெசினுக்கு என்னங்க தெரியும்? பேரக் கேட்டா ஒண்ணு."

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்து மணி இரண்டு நிமிடம்.

குமரவேல் இருந்த இடத்தில் இப்போது அவளுடைய விசாரணை அறிக்கை இருந்தது, ஃபாஸ்டினாவின் பெயரில்.

இழந்தவை: குரல், நாற்பது நிமிடம். படம், ஆறு. சிரிப்பு, மூன்று. பாதியில் நின்ற சீழ்க்கை, ஒன்று. "அக்கா" என்ற அழைப்பு, பதினேழு.