முழுச் சிவப்பு

"FF-க்கு அப்புறம் என்ன வரும், சொல்லு பாப்போம்?" என்று தங்கை ஒருமுறை அவளிடம் கேட்டாள்.

அவள் பதிலைக் கேட்டுக்கொள்ள நிற்கவில்லை. அடுப்பில் பால் இருக்கிறது என்று ஒரு சாக்குச் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். அடுப்பில் பால் எதுவும் இல்லை. சொல்லித்தரும்போது தங்கையின் குரலில் ஒரு பொறுமை வரும். அதைத்தான் அவளால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

முன்பக்கம் அப்பாவின் போட்டோ ஸ்டூடியோ, பின்பக்கம் வீடு. நடுவில் ஒரு திரைச்சீலை. அம்மா போனபோது வீட்டைப் பார்க்க ஒரு ஆள் வேண்டியிருந்தது. மூத்தவள் என்பதால் அவள் பள்ளிக்கூடத்தை விட்டாள். தங்கை தொடர்ந்து படித்தாள். இப்போது அப்பா படம் எடுப்பார், தங்கை அதைக் கம்ப்யூட்டரில் செப்பனிடுவாள், அவள் ஓரம் வெட்டிக் கவரில் போடுவாள். கடைக்கு வருகிறவர்கள் தங்கையை 'சிட்டு' என்று கூப்பிட்டார்கள். அவளை யாரும் எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தேவைப்படும்போது "இந்தாம்மா" என்பார்கள்.

கம்ப்யூட்டரில் நிறத்துக்கு வரும் அந்த எண்களையும் தங்கைதான் காட்டித் தந்தாள். "நமக்குப் பத்து விரல், அதனால பத்துப் பத்தா எண்ணுறோம். இதுக்குப் பதினாறு விரல்னு வச்சுக்கோயேன். ஒன்பதோட எண்ணெல்லாம் தீந்துபோச்சு, மிச்சத்துக்கு A-லேர்ந்து F வரைக்கும் எழுத்தைப் போட்டுக்கும். படத்துல இருக்கிற ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு இவ்வளவு, பச்சை இவ்வளவு, நீலம் இவ்வளவுன்னு ஒரு கணக்கு. ஒவ்வொண்ணுக்கும் ரெண்டே அறை. துளிகூட இல்லைன்னா 00. இனிமே இடமே இல்லைன்னா FF."

ஜோடியாக எடுக்கும் படங்களில் வெளிச்சம் ஒரு முகத்தில் கூடவும் இன்னொன்றில் குறையவும் விழும். அதைச் சரிக்கட்டத் தங்கை சின்னதாக ஒரு புரோகிராம் எழுதியிருந்தாள். கூட்டல் விசையை அழுத்தினால் ஒரு முகத்தின் சிவப்பில் ஒன்று ஏறும், மற்றதில் ஒன்று இறங்கும். கழித்தல் விசை அதைத் திருப்பிக் கொடுக்கும். முதலில் சோதித்துப் பார்த்தது அவர்கள் இருவரும் தோளோடு தோள் நிற்கும் படத்தில்தான்.

"நான் C4, நீ 3B. கூட்டினா சரியா FF வருதுக்கா. ஒரு முழுச் சிவப்பை ரெண்டு பேரும் பங்கு போட்டிருக்கோம், பாரேன்," என்று தங்கை சிரித்தாள்.

அவளுக்குக் கூட்டத் தெரியவில்லை. ஆனால் பெரிய பங்கு யாருக்குப் போயிருக்கிறது என்பது தெரிந்தது.

அந்த வாரம் அப்பா வாசல் கண்ணாடிக்குள் வைக்கத் தங்கையின் படத்தைப் பெரிதாக அச்சடித்தார். "களையான முகம் இருந்தாத்தான் நாலு பேர் உள்ள வருவாங்க," என்றார், ஓரத்தை வெட்டித்தரச் சொல்லி அவளிடமே நீட்டியபடி. அவள் கோணல் இல்லாமல் வெட்டிக் கொடுத்தாள்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம், அப்பா வெளியே போயிருக்க, குளியலறையில் தங்கை பாடிக்கொண்டே தண்ணீர் ஊற்றிக்கொள்ளும் சத்தம் கேட்க, ஈரக் குடைகளின் வாடையும் சூடான இயந்திரத்தின் தூசி வாடையும் கலந்து கிடந்த அந்த இருட்டுக் கடையில், அவள் போய்த் தங்கையின் நாற்காலியில் உட்கார்ந்தாள். அந்தப் படத்தைத் திறந்தாள். கூட்டல் விசையை அழுத்தினாள். 3C. இன்னொரு முறை. 3D. படத்தில் பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை. குளியலறையில் பாட்டு மட்டும் பாதியில் நின்றுபோனது.

"அக்கா, தண்ணி சில்லுனு ஆயிடுச்சு," என்று தங்கை தலையைத் துவட்டிக்கொண்டே வந்தாள். "கையைத் தொட்டுப் பாரேன்."

தொட்டாள். சில்லென்றுதான் இருந்தது. அவள் கை கதகதப்பாக இருந்தது.

அதற்குப் பிறகு, தனியாகக் கிடைத்த பொழுதெல்லாம் அவள் அந்த நாற்காலிக்குப் போனாள். கண்ணாடி முன் நின்று தலைசீவும்போது தன் கன்னத்தைத் தானே இரண்டாம் முறை பார்த்தாள். படங்களுக்குச் சட்டம் போட்டுத்தரும் ஃபிரேம்காரர், அதுவரை அவளை ஏறிட்டும் பார்க்காத மனிதர், ஒருநாள் சைக்கிளில் கட்டியிருந்த சட்டங்களை அவிழ்த்துக்கொண்டே, "என்னம்மா, முகத்துல ரத்தம் ஊறியிருக்கு," என்றார். அந்த ஒரு வாக்கியத்தை அவள் நாள் முழுக்க வாயில் போட்டு மென்றாள்.

தங்கை படுக்கையில் விழுந்தாள். உதடு முதலில் வெளுத்தது. பிறகு வெளுப்பும் போய், பாசி படிந்த தொட்டித் தண்ணீரைப் போல ஒரு நிறம் காதோரத்திலிருந்து பரவியது. டாக்டர், தங்கையின் கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்த்துவிட்டு வெகுநேரம் விடாமல் வைத்திருந்தார். "ரத்தமெல்லாம் சரியாத்தான் இருக்கு. நிறம்தான் ஏன் இப்படின்னு தெரியல," என்றார்.

அன்று அவள் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனாள். தங்கை கண்ணைத் திறக்காமலே முனகினாள்.

"போதும்க்கா."

"என்ன போதும்?"

"தண்ணி," என்றாள் தங்கை.

டம்ளர் இன்னும் அவள் கையில்தான் இருந்தது. ஒரு சொட்டும் குறைந்திருக்கவில்லை.

தெரிந்துவிட்டதா? எப்படித் தெரியும்? திருப்பிக் கொடுத்துவிடலாம். கழித்தல் விசைதானே. அப்பா வாசலில் ஃபிரேம்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். பின்பக்கத்திலிருந்து தங்கையின் மூச்சு, காகிதத்தைக் காகிதத்தில் தேய்ப்பதுபோல, திரைச்சீலையைத் தாண்டி வந்துகொண்டிருந்தது. அவள் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து அந்தப் படத்தைத் திறந்தாள். திரையில் அவளுடையது F9. தங்கையினுடையது 06. விரலைக் கழித்தல் விசைமேல் வைத்தாள்.

"சிட்டு இல்லாம கடையே அழுது வடியுது," என்றார் ஃபிரேம்காரர் வாசலில்.

"எந்திரிச்சுடுவா. கண்ணாடியிலேர்ந்து அவ படத்தை எடுக்க மனசு வரல எனக்கு."

"அதான் பெரியவ இருக்காளே. இப்பல்லாம் பார்க்க நல்லாத்தானே இருக்கா?"

அப்பா லேசாகச் சிரித்தார். "அவளா? அவ இருக்கா."

அவ இருக்கா. நாற்காலி இருக்கிறது, குடை இருக்கிறது, அவ இருக்கா.

அவள் விரல் இடம் மாறியது.

FA. காதுக்குள் சூடு. FB. நாக்கில் இரும்பு ருசி. FC. மணிக்கட்டில் நரம்பு துடிப்பது கண்ணுக்கே தெரிந்தது. FD. திரைச்சீலைக்குப் பின்னால் மூச்சு இடைவெளி விட்டு வந்தது. FE. மூச்சு. நீண்ட இடைவெளி. பிறகு ஒரு மூச்சு.

FF.

மூச்சு இல்லை.

வாசலில் பேச்சுச் சத்தமும் இல்லை. இயந்திரத்தின் விசிறி மட்டும் சுற்றியது. தங்கையின் எண் 00. துளிகூட இல்லை. முழுச் சிவப்பும் இப்போது அவளிடம். திரையில் அவள் முகம் தணல்போல் எரிந்தது. இதற்குமேல் என்ன வேண்டும்?

இன்னும் ஒன்று. யாரும் பங்கு கேட்க முடியாத ஒன்று.

அழுத்தினாள்.

மூன்றாவது அறை இல்லை. ஏற இடமில்லாத எண் அப்படியே கவிழ்ந்தது. அவளுடையது 00. இறங்க இடமில்லாத எண் மறுபக்கம் சுற்றிக்கொண்டு எழுந்தது. தங்கையினுடையது FF.

அவள் வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. விசைமேல் கிடந்த கை யாருடையதோபோல் இருந்தது. பச்சையும் நீலமுமாய். நகங்கள் கறுத்து. கழித்தல் விசை ஒரு விரல் தூரம். ஒரு விரலை நகர்த்தினால் போதும். விரல் நகரவில்லை.

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது.

வெறுங்கால் நடை. நிதானமாக. திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து, அடுப்பைத் திறந்தாற்போல் ஒரு அனல். சீலை விலகியது. தங்கை நின்றாள். நெற்றி, உதடு, கழுத்து, கண்ணின் வெள்ளை, எல்லாம் ஒரே சிவப்பு. கோடே இல்லாத சிவப்பு. தங்கை அக்காவின் நாற்காலிக்குப் பின்னால் வந்து குனிந்தாள். திரையில் இருந்த இரண்டு எண்களையும் படித்தாள். அந்தச் சூட்டில் அக்காவின் காதோர முடி பொசுங்கி நாறியது. காது மட்டும் சில்லென்றே இருந்தது.

தங்கையின் கை தோளைத் தாண்டி நீண்டது. விரல் கழித்தல் விசையின்மேல் உட்கார்ந்தது.

உட்கார்ந்தே இருந்தது.

எதிரே, வாடிக்கையாளர்கள் தலைசீவும் கண்ணாடியில், நாற்காலியில் ஒரு முகம் வாயைத் திறந்தபடி அசையாமல் இருந்தது. அதற்கு மேலே எரியும் ஒரு முகம் அதையே பார்த்துக்கொண்டிருந்தது. கண்ணாடியில் கட்டித் தொங்கிய சீப்பு நூலில் ஆடிக்கொண்டிருந்தது.

பிறகு அந்த விரல் விசையை விட்டு எழுந்தது. எழுந்து, திரையை அணைத்தது. கண்ணாடியில் கீழே இருந்த முகம் இருட்டோடு போய்விட்டது, மேலே இருந்தது மட்டும் மிச்சம். அதுவும் திரும்பிக்கொண்டது. தங்கை அவளைக் கடந்து, அப்பா நின்ற வாசலை நோக்கிப் போனாள்.