ஏழாம் தட்டில் ஒரு கதிர்க்குருவி

பங்குனி முதல் தேதி காலை ஆறு மணிக்கு, வழக்கம்போல, கோவைக் கோபுரநகரின் ஏழாம் தட்டுப் பூங்காவில் வசந்தத்தைத் திறந்துவிட்டார்கள். கூரைவிளக்குகள் இளமஞ்சளுக்கு மாறின. குழாயில் வேப்பம்பூ வாசனை வந்தது. பூங்காக் காவலாளி சம்பூரணம் ஒரு பெட்டி மகரந்தப் பூச்சிகளைப் பறக்கவிட்டு, வசந்தம் வந்துவிட்டதென்று கையெழுத்துப் போட்டாள்.

அப்போதுதான் புங்கமரத்திலிருந்து "டக்... டக்" என்று சத்தம் கேட்டது. மெல்ல நெருங்கிப் பார்த்தாள். கட்டைவிரல் அளவு உடம்பு, அழுக்குப் பச்சை நிறம், கண்ணுக்கு மேலே வெளிறிய கோடு. அட, கதிர்க்குருவி! முப்பது வருடமாக ஒருத்தர் கண்ணிலும் படாத பறவை! இமயத்துக்குப் போகிற வழியில், எலும்பும் தோலுமாக, காற்றுத் திறப்பு வழியே உள்ளே வந்து விழுந்திருக்கிறது. புருஷன் போன பிறகு சம்பூரணம் எதற்கும் இப்படிச் சந்தோஷப்பட்டதில்லை.

சித்திரை பிறந்தால் பூங்காவை இடித்துப் பறவண்டி நிறுத்தம் கட்டப்போகிறார்கள். ஆனால் சட்டத்தில் ஒரு வழி இருந்தது. உயிர்க்குரல்களை எண்ணுவதற்கென்றே நகரமெங்கும் செவித்தூண்கள் நிற்கின்றன. அவை ஏழு நாள் கேட்டு, ஓர் இனம் பத்துக்கும் குறைவு என்று சொல்லிவிட்டால், அது இருக்கும் இடத்தின் கதவைச் சாத்திக் காவல் போட்டுவிடுவார்கள். ஒரு செங்கல்லையும் தொட முடியாது. குருவி ஏழு நாள் நிம்மதியாகத் தின்று கிடக்க வேண்டும், அவ்வளவுதான். அதுவரைக்கும் சம்பூரணம் வாயைத் திறக்கக் கூடாது.

நல்ல சேதியை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு எத்தனை நாள்தான் இருப்பாள்? ஐந்தாம் நாள் நாத்தனார் கோதையிடம் சொல்லிவிட்டாள்.

"யார்கிட்டயும் மூச்சு விட்றாத கண்ணு. உன்னையத் தவிர ஒருத்தருக்கும் தெரியாது."

"அட நீங்க ஒண்ணு, நங்கையா! நான் போயி யார்கிட்டச் சொல்லப்போறனுங்?"

கோதை ஒரே ஒருத்தியிடம்தான் சொன்னாள், அதுவும் சத்தியம் வாங்கிக்கொண்டு. அவளும் அப்படியே. மறுநாள் விடிந்தபோது பூங்காவில் நாலாயிரம் பேர் நின்றார்கள். அத்தனை பேரும் ரகசியமாக வந்தவர்கள்.

குருவி இலைக்குள் ஒளிந்துகொண்டது. யாரோ ஒரு புண்ணியவான் தன் குரல்மணியை முடுக்கினார். எந்த ஓசையையும் அச்சு அசலாக எழுப்பும் அந்த அரிசியளவுக் கருவி அப்போது எல்லோர் தொண்டையிலும் இருந்தது. அவர் கதிர்க்குருவிபோல் கூப்பிட, இது எட்டிப் பார்த்துப் பதில் சொன்னது. அவ்வளவுதான், நாலாயிரம் தொண்டைகளும் கூப்பிட ஆரம்பித்தன.

"நிறுத்துங்க சாமி! அது தீனி திங்கோணும்!" என்று சம்பூரணம் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"ஒரே ஒருக்கா பாத்துட்டுப் போயிர்றமுங்க்கா," என்றார்கள் எல்லோரும்.

தன் கூட்டம் இவ்வளவு இருக்கிறதென்று அது நம்பிவிட்டது, பாவம். கிளை கிளையாகத் தேடிப் பறந்தது. தின்னவில்லை, உட்காரவில்லை. சாயங்காலம் மரத்தடியில் விழுந்து செத்துப்போனது. சம்பூரணம் அதை முந்தானையில் ஏந்திக்கொண்டு, "நாந்தான் கொன்னுபோட்டேன்" என்று வாய்விட்டு அழுதாள். பின்னால் நின்றவர்களுக்கு விஷயம் தெரியாததால் இன்னும் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள்.

எட்டாம் நாள் உயிரினத் துறை அதிகாரி நாட்ராயன் இனிப்புப் பெட்டியோடு வந்தார்.

"ஒண்ணே ஒண்ணு வந்துச்சுன்னு கேள்விப்பட்டமுங்கம்மா. தூண் என்ன சொல்லுது தெரியுமுங்களா? நாலாயிரத்துப் பதினேழு! அழிஞ்சுபோன இனம் ஒரே வாரத்துல திரும்பி வந்துருச்சுங்!"

புங்கமரத்தடியில் புதைத்த இடத்தை அவள் காட்டினாள். "இருந்ததே இது ஒண்ணுதானுங் சார். மத்ததெல்லாம் மனுசங்க கத்துனது."

"தூண் பொய் சொல்லாதுங்கம்மா. நாலாயிரத்துல ஒண்ணு போனதுக்கா அழுவாங்க?" என்று தேற்றிவிட்டு, காவல் தேவையில்லை என்று எழுதிக்கொடுத்துப் போனார்.

பூங்காவை இடித்த அன்று நகரமே கொதித்தது. ஒன்பதாயிரம் பேர், வீட்டைவிட்டு வெளியே வராமலே, சன்னலைத் திறந்து கதிர்க்குருவிக் குரலில் தங்கள் எதிர்ப்பைத் தெரிவித்தார்கள். செவித்தூண்கள் ஒன்றுவிடாமல் எண்ணி, இனம் இருமடங்குக்கும் மேல் பெருகிவிட்டதாகக் குறித்துக்கொண்டன.