படுக்கையில் இருந்த சூடு

இரவு ஷிப்ட் முடிந்து வந்து படுத்த ஷெர்லினின் முதுகில் சூடு ஏறியது. வெயிலின் சூடு இல்லை. யாரோ நெடுநேரம் படுத்திருந்து, அப்போதுதான் எழுந்துபோனால் மெத்தையில் மிஞ்சும் சூடு.

அவளுக்கு அது பழக்கமான சூடுதான். கணவனாக இருந்த ஜோயலுக்குப் பகல் ஷிப்ட், அவளுக்கு இரவு. ஒரகடத்துத் தொழிற்சாலைகளுக்குப் போகும் பல தம்பதிகளைப் போல, அவன் எழுந்த இடத்தில் அவள் படுப்பாள். அவர்களுடைய குடித்தனமே பெரும்பாலும் அந்தச் சூட்டோடுதான் நடந்தது. விவாகரத்துக்குப் பிறகு ஜோயல் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டு ஓசூருக்குப் போய்விட்டான். வல்லக்கோட்டையில் இந்த ஒற்றை அறையை அவள் தன் சம்பளத்தில், தனக்கென்று பிடித்திருந்தாள். மெத்தைகூடப் புதிது.

தான் இல்லாதபோது அறைக்குள் யாராவது வந்துபோகிறார்களா என்று வீட்டுக்காரி சந்திரம்மாளிடம் கேட்டதற்கு அவள் சிரித்தாள். "எலிகூட பூர முடியாத வூடும்மா இது. ஆம்பள எப்படி வருவான்? இன்னா, கனவுல வந்தானா?"

ஷெர்லின் பூட்டை மாற்றினாள். அன்று வேலைக்குக் கிளம்பும்போது மெத்தையைச் சுவரில் நிமிர்த்திச் சாய்த்துவைத்தாள். காலையில் கம்பெனி வேன் இறக்கிவிட்டுப் போன புழுதி அடங்குவதற்குள் கதவைத் திறந்தாள். பகலில் தூங்குவதற்காக ஜன்னலில் அவளே ஒட்டிய அட்டையின் பசை வாசனைக்கும், மூலையில் காய்ந்துகொண்டிருந்த யூனிஃபார்மின் ஈர வாடைக்கும் நடுவே, புளித்த வியர்வை நெடி ஒன்று அறையெங்கும் தேங்கி நின்றது. மெத்தை தரையில் விரிந்துகிடந்தது. சூடாக.

தொழிற்சாலை லைனில் பக்கத்தில் நின்று வேலை செய்யும் அமலா, குன்றத்தூரில் தங்கள் அறைக்கே வந்துவிடச் சொன்னாள். இடம் நெருக்கடிதான், ஆனால் துணைக்கு ஆள் உண்டு என்றாள்.

"ஒரு வூட்ட வுட்டு அழுதுகினே வந்தேன் அமலா. இதையும் வுட்டுட்டா, அப்புறம் எங்கயுமே என்னால தனியா நிக்க முடியாது."

மறுநாள் காலை உள்ளே நுழைந்ததும் தாழிட்டாள். தான் ஓடிவிடக்கூடாது என்பதற்காக. நெடுஞ்சாலை லாரிகளின் இரைச்சல் சுவருக்கு அப்பால் எங்கோ தேய்ந்தது.

மெத்தையில் பள்ளம். தலைக்கு ஒன்று. தோளுக்கு. இடுப்புக்கு.

பள்ளம் ஏறி இறங்கியது. மூச்சு.

"எழுந்திரு," என்றாள். "இது என் வூடு."

குரல் நடுங்கவில்லை. அவளுக்கே அது ஆச்சரியமாக இருந்தது. ஜோயலிடம் ஒருநாளும் அப்படிப் பேசியதில்லை.

மெத்தை மெல்ல எழும்பியது. சமமானது. பெருமூச்சு விட்டாள். சிரிப்புகூட வந்தது.

கதவு திறக்கவில்லை. தாழ்ப்பாள் அசையவில்லை.

சுவரோரமாக மெத்தை அமுங்கியது. முழங்கை. இடுப்பு. பிறகு முழு நீளமும்.

அது போகவில்லை. நகர்ந்து படுத்திருந்தது.

வேலை முடிந்து வந்தவளுக்கு இடம் விட்டு, போர்வையின் ஒரு முனையைத் தூக்கிப் பிடித்தபடி.