ஆறவைத்து வடிகட்டியவர்

விருதுநகரில் இப்போது பெட்ரோல் பங்குகளெல்லாம் கல்யாண மண்டபங்களாகிவிட்டன. வண்டிக்கு வேண்டிய எரிநெய் அடுப்படியிலேயே தயாராகிறது. வடை சுட்ட எண்ணெயோடு மெத்தனால் சேர்த்து, ஒரு புளிக்கல்லைப் போட்டுக் கொதிக்கவிட்டால் போதும். புளிக்கல் என்பது கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைந்த சில்லு. துளைகளுக்குள் திட அமிலம் ஒட்டியிருக்கும். வேலை முடிந்ததும் கல்லைக் கழுவி எடுத்துவைத்துக்கொள்ளலாம். அமிலம் வெளியே வராது. ஆயிரம் முறைக்கு உத்தரவாதம்.

உத்தரவாதம் தந்தவர் மாசிலாமணி. கல்லைக் கண்டுபிடித்ததற்காக, படித்த கல்லூரியிலேயே அவருக்குப் பாராட்டு விழா. பயனாளிகள் சார்பில் சீனியம்மாள் மைக்கைப் பிடித்தார்.

தெருவில் ஐந்து வீட்டுக்கும் ஒரே கல்தான் என்றார். பாதிக் கொதியில் எடுத்து, உறைமோர் கொடுப்பதுபோல் அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிடுவாராம்.

"கல்ல எடுத்த பெறகும் எண்ணெ அதுபாட்டுக்கு மாறிக்கிட்டேதான் சார் இருக்கு. அம்புட்டு ராசியான கல்லு."

அரங்கம் கைதட்டியது. மாசிலாமணிக்குக் காது சுட்டது.

கல்லை எடுத்ததும் வேலை நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லையென்றால், அமிலம் கரைந்து எண்ணெய்க்குள் போய்விட்டது என்று பொருள். அந்தச் சோதனையை மாணவராக இருந்தபோது அவரும் செய்தார். கொதிக்கக் கொதிக்க வடிகட்டிக் கல்லைப் பிரிக்கச் சொல்லியிருந்தார் ஆய்வு வழிகாட்டி. அன்று கேன்டீனில் பிரியாணி. சாப்பிட்டுவிட்டு வந்து, ஆறியபின் வடிகட்டினார். ஆறினால் கரைந்த அமிலம் மறுபடி துளைக்குள் போய் ஒட்டிக்கொள்ளும்; கசிந்தது சோதனையில் தெரியாது. இது அடுத்த வருடமே அவருக்குப் புரிந்தது. அதற்குள் பட்டம் வந்திருந்தது. யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

இப்போது மைக்கை வாங்கி எல்லாவற்றையும் சொன்னார், பிரியாணி உட்பட. எரிநெய்யோடு போன அமிலம் வண்டிகளின் டேங்கை அரித்திருக்கும் என்றும் சொன்னார்.

சீனியம்மாள் மைக்கைத் திரும்ப வாங்கினார்.

"அப்ப டேங்கு ஓட்டையானது இதனாலயா? வண்டியப் பேணத் தெரியலன்னு எங்க வீட்டுக்காரரையில்ல மூணு மாசமா ஏசிக்கிட்டிருக்கேன்."

அரங்கிலிருந்த பெண்கள் பக்கத்து நாற்காலியிலிருந்த கணவர்களைப் பார்ப்பதைத் தவிர்த்தார்கள்.

தொகுப்பாளர் வேறு வழி தெரியாமல், நிரலில் அடுத்திருந்ததை வாசித்தார்: சீனியம்மாள் பொன்னாடை அணிவிப்பார். மாசிலாமணி குனிய வேண்டியிருக்கவில்லை. தலை ஏற்கெனவே குனிந்துதான் இருந்தது.

சீனியம்மாள் பொன்னாடையோடு மேடையைவிட்டு இறங்கினார். மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்த கணவர் வேல்ச்சாமிக்குப் போர்த்திவிட்டு, முகத்தைப் பார்க்காமல் பக்கத்தில் அமர்ந்தார்.

மாசிலாமணியும் கைதட்டினார். இன்னும் பொன்னாடை இருக்கிறதா என்று பின்வரிசைப் பெண்கள் தொகுப்பாளரிடம் மெதுவாக விசாரிக்கத் தொடங்கினார்கள்.